அரிசி மணி உயரத்தில் நாற்பத்து மூன்று பேர்

நண்பர்களே, காலை ஏழு மணிக்குள் உங்களிடமிருந்து எனக்கு எப்படியும் எட்டு ஒன்பது சூரிய உதயங்கள் வந்துவிடுகின்றன. நேற்றுப் பதினொன்று. எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பதினொன்றில் ஏழில் அடிவானம் சாய்ந்திருக்கிறது. கடல் ஒரு பக்கமாக வடிந்து போன் நனைந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. மற்ற நான்கில் சூரியன் நட்டநடுவில் பொட்டு வைத்தாற்போல் நிற்கிறது. பதினொன்றிலும் ஓர் ஆள் கிடையாது. மலை, மேகம், தண்ணீர், கீழே காலை வணக்கம்.

நம் வயதில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, கையில் போன் இருக்கிறது, அதுவரை புரிகிறது. ஆனால் "நானே எடுத்தது, எப்படி இருக்கு?" என்று கேட்டும் விடுகிறீர்கள். நேராகப் பதில் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். போன வருஷம் ஒருவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் ஒரு தீபாவளியைச் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. ஈப்போ பக்கம், லகாட்டுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக்குப் பின்னால் மரங்கள். முன்னால், சாலையைத் தாண்டினால், ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்தின் குட்டை. தோண்டிய பள்ளத்தில் மழைநீர் நிறைந்து பச்சையாக நிற்கும். கரையெல்லாம் சர்க்கரை மாதிரி வெள்ளை மணல். அதற்கும் அப்பால் சுண்ணாம்பு மலை. தரையிலிருந்து சரிவே இல்லாமல் சுவர் போல எழும்பி நிற்கும், உச்சியில் மட்டும் காடு. நாங்கள் யாரும் அதை நின்று பார்த்ததில்லை. துணி காயப்போடும்போது மழை வருமா என்று அந்தப் பக்கம் திரும்புவோம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. பள்ளிப் படிப்பு முடிந்து, தினமும் பஸ் பிடித்து ஈப்போவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆல்பத்தில் படம் ஒட்டுகிற வேலை. விரல் நுனியில் கோந்து காய்ந்து தோல் போல உரிந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்தால் படம் கழுவும் மருந்தின் புளித்த வாசனை. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்றும் சொல்லமாட்டாள்.

அம்மா பால் மரம் வெட்டுபவள், உளியால் கித்தா மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவள். அந்த வருஷம் அவளுடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. தோட்டத்து மேடு ஏறும்போது உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். அவளுக்கென்று ஒதுக்கிய மரவரிசையை, அதை நெரை என்போம், வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது முடிவைச் சொன்னார்.

"தீவாளி வரைக்கும் பாரு. அப்புறம் ஆத்தாளோட நெரைய நீ எடுத்துக்க. ஆபீசு கிராணிகிட்ட சொல்லிட்டேன், பேர எழுதிக்கிறேன்னாரு."

"தவுக்கே வேற வேல தாரேன்னு சொல்லியிருக்காருப்பா."

"தவுக்கே சொன்னாரு, ஐஸ் விக்கிறவன் சொன்னான். ஒட்டுற வேலைக்கு எவன் லா காலம் பூரா சம்பளம் குடுப்பான்? மரம் எங்கயும் ஓடாது."

தவுக்கே என்பது ஸ்டுடியோ முதலாளி. சீனர். வாடிக்கையாளர்களோடு பழகித் தமிழ் பேசக் கற்றவர், அவர் தமிழில் எல்லாரும் எல்லாமும் 'உம்' போட்டு முடியும். அக்கா வீட்டில் அவர் மாதிரியே, 'அமோய்', அதாவது பொண்ணே, என்று தொடங்கிப் பேசிக் காட்டுவாள். "அமோய், ஆள் படம் எல்லாரும் எடுக்கும். இடம் படம் யார் எடுக்கும்? பக்கத்து ரோட்டு ஸ்டுடியோ, பெரிய சீனரி கண்ணாடியில மாட்டி இருக்கும். நம்ம கடை, பழைய கல்யாணப் பொண்ணு மட்டும் இருக்கும். நீ நல்ல சீனரி கொண்டுவா. கண்ணாடியில மாட்டும். அப்புறம் நீ கேமரா தூக்கும். தமிழ்க் கல்யாணம், பெரிய பொண்ணு சடங்கு, உள்ள ரூம்புல ஆம்பள போக முடியாது. பொம்பள போகும்." படம் சரியில்லையென்றால் வருஷக் கடைசியில் ஒட்டும் வேலையும் கிடையாது, அவருடைய அண்ணன் மகள் வருகிறாளாம்.

ஆக, ஒரு படம். அது வந்தால் அக்கா கையில் கேமரா, வராவிட்டால் அம்மாவின் உளி.

தவுக்கே கொடுத்தனுப்பிய பழைய கேமராவுக்கு முன்பக்கம் இரண்டு கண். கழுத்தில் தொங்கவிட்டு, மேலேயுள்ள மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும். "வலது பக்கம் தள்ளுங்க" என்று அக்கா சொல்லி, அவர்கள் தள்ளி, படத்தைவிட்டே வெளியே போய்விடுவார்கள். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றும் எடுத்தபின் திருகைக் கையால் சுற்ற வேண்டும். முதுகில் சிவப்புக் கண்ணாடி ஜன்னல், அதில் அடுத்த எண் தெரியும்வரை. சுற்ற மறந்தால் கேமரா தடுக்காது, ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழும். அந்தச் சிவப்பு ஜன்னலைப் பார்த்து எண் சொல்வதை நானாகவே என் வேலையாக்கிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு அக்கா கேமராவோடு வாசலில் இறங்கினாள். குட்டையின் இந்தக் கரையில் நின்று மலையை எடுப்பதாகத் திட்டம். அவள் மூடியைத் திறப்பதற்குள் லயத்தில் பவுடர் வாசனை கிளம்பிவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும், தோட்டத்தில் கேமரா என்றால் ஆள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் பொருள். அதை மரத்தின் பக்கம் காட்டுவது சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி.

தண்டல் மாமா முதலில் வந்தார். வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர், அவரை யாரும் மறுக்க முடியாது. இடது கையை மடக்கி நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டார், கைக்கடிகாரம் தெரிய வேண்டும் என்பதற்காக. "ஏம்மா, அங்க என்னாத்த பாக்குற? மலையா? மலைக்கு எதுக்கு போட்டோ, அது என்னா பொண்ணு பாக்கவா போவுது?"

"மாமா, இது கடைக்கு..."

"எடு, எடு. வாட்சு தெரியுதா பாரு."

அவருக்குப் பின்னால் ஒருவர் ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் பிறந்து நாற்பது நாள் குழந்தையைக் கொண்டு வந்தாள். அக்காவால் யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நான் ஒவ்வொரு முறையும் எண்ணைக் கத்தினேன். ஆறாவதை எடுக்கும்போது, அப்பாவின் தங்கையான அத்தை, அப்போதுதான் முகம் பூசி முடித்துக் குட்டைக் கரையோரமாக "இருங்கடி, நானும் வாரேன்!" என்று ஓடி வந்துகொண்டிருந்தாள். அதற்குள் விரல் அழுத்திவிட்டது. அத்தை இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மீதி ஐந்தைத் திங்கள் விடியலில் யாரும் இல்லாத நேரத்தில் மலைக்கும் மரத்துக்குமாக எடுத்தோம். அவசரத்தில் ஒருமுறை சுற்ற மறந்தாள். தண்டல் மாமாவுக்காக ஏழாவதாக மறுபடி எடுத்திருந்த படத்தின் மேல் மரங்கள் விழுந்து, அவர் தலையிலிருந்து கித்தா மரம் முளைத்திருந்தது. அதை இன்றுவரை அவர் குடும்பத்துக்கு நாங்கள் காட்டவில்லை.

சுருளைக் கழுவிப் பார்த்த தவுக்கே சிரித்துவிட்டாராம். "மலை எங்க? இது எறும்புப் புத்து." இன்னொரு சுருள் கொடுத்து, இதுதான் கடைசி என்றார்.

அன்று சாயங்காலம் பாயில் படங்களைப் பரப்பிப்போட்டோம். தவுக்கே சொன்னது சரி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மலை, படத்தில் விரற்கடை உயரத்துக்கு, யாரோ கொட்டிவிட்டுப் போன மண் மாதிரி கிடந்தது. முன்னால் தண்ணீர் வெறுமே பரந்திருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாவு வுழுந்த ஊரு மாதிரி" என்று சொல்லிப் போனார்.

அக்கா அந்த ஆறாவது படத்தை எடுத்தாள். முன்னால் குழந்தைக்காரியின் தோள். தூரத்தில், கரையோரத்தில், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அரை விரல் அளவுக்கு அத்தை. அத்தைக்குப் பின்னால் மலை.

"டேய், இங்க பாரு." கட்டைவிரலை அத்தைமேல் வைத்து மறைத்தாள். மலை சுருங்கியது. விரலை எடுத்தாள். மலை எழுந்து நின்றது. வைத்தாள், எடுத்தாள். நானும் செய்து பார்த்தேன். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மலை எழுந்தது.

"அத்த ஓடி வந்ததாலதான் மல பெருசா இருக்கு" என்றாள் அக்கா. "நமக்கு ஆளும் வேணும்டா. ஆனா தூரத்துல வேணும்."

அடுத்த நாட்களில் அவள் வேலை முடிந்து வந்ததும் குட்டையைச் சுற்றி நடந்தாள். முதலில் படம் எடுக்கவில்லை, மூடியைத் திறந்து பார்ப்பதோடு சரி. மழைக்காலம், மாலையில் வானம் மூடிவிடும். மத்தியானம் மலை வெளுத்த சுவர் போலத் தட்டையாக இருந்தது. விடுமுறை நாளொன்றில் காலையில் போய்ப் பார்த்தபோதுதான், வலப்பக்கத்திலிருந்து வெயில் சாய்வாக விழுந்து, பாறை மடிப்பெல்லாம் நிழல் கட்டி, மலைக்குத் தசை வைத்ததுபோல் இருந்தது. நின்றுகொண்டு பார்ப்பதைவிட, கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கினால் இந்தக் கரையின் லாலாங் புல் முன்னால் வந்து நிற்கும் என்பதையும் அன்றுதான் கண்டாள். புல், அப்புறம் தண்ணீர், அப்புறம் எதிர்க்கரையின் வெள்ளை மணல்மேடு, அதன் மேல் ஆட்கள், அதற்குமேல் மலை. தண்ணீரில் எல்லாம் தலைகீழாக இன்னொருமுறை. இதையெல்லாம் எடுத்துப் பழகியதிலேயே ஒன்பது படம் தீர்ந்தது. மீதி மூன்று. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது.

முதல் நாள் மாலை லயம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "நாளைக்கு எண்ண தேச்சுக் குளிச்சு, புதுத் துணி போட்டதும், கறிச்சட்டி ஏத்துறதுக்கு முன்ன, எதிர்க்கர மேட்டுக்கு வாங்க. எல்லாரும் இருக்கற மாதிரி ஒரு போட்டோ."

தீபாவளிக் காலை. இரவு பெய்த மழையில் கழுவிவிட்ட வானம். எங்கும் சீயக்காய் வாசனையும் பட்டாசுப் புகையும். லயமே பளபளவென்று கிளம்பி வந்துவிட்டது. வந்தவர்கள் பார்த்தது, இந்தக் கரையில் கவிழ்த்துப்போட்ட பால் வாளிகளின் மேல் கேமரா. அக்கா எதிர்க்கரையைக் கைகாட்டினாள். குட்டை எவ்வளவு அகலம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அங்கயா? அங்க நின்னா இங்கேருந்து மூஞ்சி எப்புடி லா தெரியும்?" என்றார் தண்டல் மாமா.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மூஞ்சி தெரியாது மாமா. மல தெரியும். நீங்க நிக்கறதாலதான் அது தெரியும்."

"பாத்தியா, இதுக்கா நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்!"

"மூணாவது தடவ பவுடர் பூசுனேன்டி பாவி" என்றாள் அத்தை. "ஒரு தடவ ஓட வுட்ட, இப்ப ஒளிச்சு வக்கிறியா?"

ரேடியோக்காரர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். அப்பா ஒரு பக்கமாக நின்று, நான் சொன்னேனே என்பது மாதிரி வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி போனால் மலை மறுபடி சுவராகிவிடும் என்று நான் வெயிலையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்போது அம்மா பேசினாள். சபையில் அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

"இருவது வருசமா இருட்டுல நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு மரம் வெட்டுறேன். எம் மூஞ்சிய எவ பாத்தா? எனக்கு மூஞ்சி வேணாம். நான் போயி நிக்கிறேன். வர்றவங்க வாங்க."

சொல்லிவிட்டு, புதுச் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துக் கரையைச் சுற்றி நடந்தாள். "அண்ணி போறாங்க, நான் போவாம?" என்று அத்தை ஓடினாள். மணல் ஈரமாக இருந்தது. அம்மா ஓரிடத்தில் சறுக்கியதும் அப்பா வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குடையை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டு பின்னால் விரைந்தார். அப்புறம் தண்டல் மாமா. போனவர்களும் திரும்பினார்கள்.

மேட்டில் அவர்கள் வரிசையாக நின்றதும் அக்கா குனிந்தாள். நான் சிவப்பு ஜன்னலில் பத்து என்று சொன்னேன். அழுத்தினாள். அந்த நொடியில் காற்று வந்து தண்ணீரிலிருந்த மலையைக் கலைத்தது. பதினொன்று. ஒரு சின்னப் பையன் வரிசையை விட்டு ஓடினான், அவன் அம்மா அவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள். மீதி ஒன்று.

"நீயும் போடா" என்றாள் அக்கா.

"அப்புறம் நம்பர் யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன். லயத்துல எல்லாரும் இருக்காங்க, நீ மட்டும் இல்ல. போ."

சுற்றிக்கொண்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என்னோடு நாற்பத்து மூன்று. எல்லாரும் விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள். முகம் தெரியாது என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்டல் மாமாவின் கை மடங்கி நெஞ்சில் இருந்தது. காற்று நின்றது. தண்ணீர் கண்ணாடியானது. அக்கரையில் அக்கா புல்லோடு புல்லாகக் குனிந்திருந்தாள், அசையவில்லை. எனக்குத் தாங்கவில்லை. சுற்றினாளா, இல்லையா? ஓடிய பையனின் மேலேயே இதுவும் விழுந்தால்?

"அக்கா! சுத்துனியா?"

கத்திவிட்டேன். அது மலையில் பட்டு, சுத்துனியா, சுத்துனியா என்று திரும்பி வந்தது. வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அத்தை எட்டி என் முதுகில் ஒன்று வைத்தாள். தண்டல் மாமா வாட்சை மறந்து கையைத் தொங்கவிட்டார். வரிசையின் அந்தக் கோடியில் அம்மா, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அழுத்திய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அன்று எனக்குக் கறிச்சோறு இறங்கவில்லை.

தீபாவளி போயிற்று. "திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு" என்றார் அப்பா. அம்மாவின் உளியைத் தீட்டி வைத்தார். சனிக்கிழமை அக்காவோடு நானும் ஈப்போவுக்குப் போனேன். தவுக்கே இருட்டறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது ஈரம் சொட்டும் படத்தை ஒரு மூலையில் பிடித்திருந்தார். மேசைமேல் வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இது எத்தன ஆள்?"

"நாப்பத்து மூணு" என்றேன்.

"நீ எண்ணுச்சா?"

"கடைசி ஆளு நான்தான்."

"எல்லாரும் ஏன் வளைஞ்சு சிரிக்கும்?"

அக்கா என்னைக் காட்டினாள். தவுக்கே என்னை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கண்ணாடியிலிருந்த கல்யாணப் பொண்ணைக் கழற்றி உள்ளே வைத்தார். "மலை இப்ப மலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாங்கள் கொண்டுவந்த சின்னப் பிரதியை லயமே வாங்கிப் பார்த்தது. "இதுல நான் எங்கடி?" என்று அத்தை அழாத குறை. அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அரிசி கொட்டுன மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் திங்கட்கிழமை பெரட்டுக்கு அவர் தனியாகத்தான் போனார். கிராணியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. தீட்டி வைத்த உளி உறையிலேயே இருந்தது. அக்காவின் புதுச் சம்பளத்தை நம்பி அம்மா அதோடு மரம் வெட்டுவதை விட்டாள்.

கதவளவுக்குப் பெரிதாக்கிய படம் கண்ணாடியில் ஏறியதும் ஒரு ஞாயிறு பாதி லயம் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தது. கடை வாசல் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தங்களைத் தேடினார்கள். முகம் யாருக்கும் இல்லை. ஆனாலும் தொங்கும் கையை வைத்துத் தண்டல் மாமா, தோளிலிருந்த மேட்டை வைத்து ரேடியோக்காரர், ஓங்கிய கையை வைத்து அத்தை. "இதான், இதான் நான்! இவன அடிக்கிறேன் பாரு!" அப்பா எல்லாருக்கும் பின்னால் நின்றார். வழியில் போன யாரோ ஒரு சீனக் கிழவர் நின்று பார்த்தபோது, முன்னால் வந்து கண்ணாடியைத் தொட்டு மலாய் மொழியில் சொன்னார்: அந்த மூன்றாவது ஆள் நான், இது என் பெண்டாட்டி, எடுத்தது என் மகள்.

எங்கும் ஓடாது என்று அப்பா நம்பிய மரங்கள் அடுத்த பத்தாண்டுகளில் போய்விட்டன. தோட்டத்தை விற்றார்கள். லயம் போயிற்று, குட்டையைத் தூர்த்து வீடு கட்டினார்கள், மலையில் பாதியைக் கல்லுடைப்பவர்கள் தின்றார்கள். நாங்கள் ஈப்போவில் புந்தோங்கில் குடியேறினோம், அக்கா தூக்கிய கேமராவை நம்பித்தான். புந்தோங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளறையில் எடுத்த எத்தனையோ சடங்குப் படங்கள் அவளுடையவை. உங்கள் வீட்டு ஆல்பங்களிலும் இருக்கக்கூடும். கதவளவுப் படம் கடை மூடியபோது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சின்னப் பிரதி அக்கா வீட்டில் இருக்கிறது. போகும்போதெல்லாம் எண்ணுகிறேன். இதுவரை குறையவில்லை. அந்தக் கோடியில் ஓர் அரிசி மணி ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னொரு மணியைப் பிடித்திருக்கிறது. எந்தக் கால் வலி என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

ஆகவே, நண்பர்களே, நாளைக் காலை போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். அடிவானத்தை நேராக்குங்கள். சூரியன் ஏதாவது ஓர் ஓரத்தில் இருக்கட்டும். முக்கியமாக, வீட்டிலிருக்கும் யாரையாவது எழுப்பி, போய்த் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. முகம் தெரிய வேண்டாம். யாரென்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.